அரசின் பஸ் காசு: கொழும்புக்கா, ஊருக்கா?

வெள்ளவத்தைவாசி

வரவு செலவுத் திட்டக் காலத்தில் எல்லாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள், வாக்கெடுப்பு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் இந்த இழையில் இப்போதே கேட்டு வைக்கிறேன். பொதுப் போக்குவரத்துக்கென்று அரசு செலவழிக்கும் பணத்தைக் கொழும்புக்கும் ஊருக்கும் எப்படிப் பிரிப்பது நியாயம்?

என் கட்சி இது: காசு ஊருக்குப் போகட்டும், சட்டம் கொழும்புக்கு வரட்டும்.

காலி வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமா? 100, 101, 155 என்று வந்துகொண்டே இருக்கும். சிலவேளை ஒரே இலக்கத்தில் மூன்று சேர்ந்து வரும், பிறகு கன நேரத்துக்கு ஒன்றையும் காணக் கிடைக்காது. முன்னால் நிற்கிற பஸ் ஆள் சேர்க்க ஹோல்ட்டிலேயே படுத்துவிடும். பின்னால் அதே இலக்கத்தில் இன்னொன்று கண்ணாடியில் தெரிந்ததும், ஏறிக்கொண்டிருப்பவரைக்கூடப் பார்க்காமல் பறக்கும். பஸ் போதாமல் நடக்கிற கூத்து இல்லை இது. முதலாளிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கட்டவேண்டும், மிஞ்சினால்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் என்கிற ஏற்பாட்டால் நடப்பது. அதை மாற்றக் கோடிக்கணக்கில் வேண்டாம். சம்பளத்துக்கு ஆள் வேண்டும், அரசின் இலங்கை போக்குவரத்துச் சபையும் (இ.போ.ச.) தனியாரும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும், பஸ்ஸுக்கென்று வீதியில் ஒரு பாதை வேண்டும். பஸ் முன்னுரிமைப் பாதையை 2017இல் ராஜகிரியப் பக்கம் பரீட்சித்துப் பார்த்தார்கள். பெயின்ட் அடிக்கிற செலவும் நாலு பொலிஸ்காரரும்தான். அப்புறம் யார் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள்?

ஊர்ப் பக்கம் கதையே வேறு. ஒழுங்குபடுத்துவதற்கு முதலில் ஒரு பஸ் இருக்கவேண்டுமே.

கட்டணத்தையும் பாருங்கள். சாதாரண பஸ்ஸுக்கு நாடு முழுக்க ஒரே அட்டவணை. 2024 அக்டோபரில் ஆகக்குறைந்த கட்டணத்தை 27 ரூபாய் ஆக்கியபோது பம்பலப்பிட்டியிலும் 27, மஸ்கெலியாவிலும் 27. நிரம்பி வழிகிற பஸ்ஸுக்கு அந்தக் காசு கட்டும். பத்துப் பேரோடு மலை ஏறுகிற பஸ்ஸுக்கு டீசலுக்கே காணாது. அந்த இடைவெளியை நிரப்பத்தானே அரசு?

மட்டக்குளியான்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கொழும்புக்குக் காசு வேண்டாம் என்று சொல்வது லேசு, அண்ணே. உங்களுக்கு ஒரு பக்கம் கடற்கரை ரயில், மற்றப் பக்கம் காலி வீதி. எங்கள் பக்கம் வந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு, புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய நாட்டாமிகள் விடிவதற்கு முன்னம் அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்தில் பஸ் எங்கே? நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பிடிக்கிறார்கள், அன்றைய கூலியில் முதல் வெட்டு அதுதான். இரவில் ஹோட்டல் வேலை, கடை வேலை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கும் இதே பாடு. கலெக்ஷன் இல்லாத நேரத்தில் தனியார் பஸ் ஓடாது, ஓடச் சொல்லவும் ஆளில்லை. இரவுச் சேவைக்கு மானியம் கொடுக்க 'நிசி செரிய' என்று ஒரு திட்டமே இருக்கிறது. அது எங்கள் வழிகளில் ஒழுங்காக ஓட வேண்டும் என்றால் காசு வேண்டுமா, வெறும் சட்டம் போதுமா?

பகலில் ஏறினாலும் இதே கதிதான். 'இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன' என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருப்பார், முன்னால் போக இடம் இருந்தால்தானே? மிதிபலகையில் ஒரு கால், காற்றில் ஒரு காலாக நிற்கிற பொடியனும் வரி கட்டுகிறான். ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கினாலும் அதில் வற் வரி இருக்கிறது.

சாலைக்காரன்

நான் பஸ் சாலை, அதாவது டிப்போ ஒன்றில் கணக்குப் பக்கம் இருந்து ஓய்வுபெற்றவன். எந்தச் சாலை என்று கேட்காதீர்கள், அங்கே இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தம்பிமார் இரண்டு பேரும் இருக்கிற காசை எப்படிப் பிரிப்பது என்று அடிபடுகிறீர்கள். இந்தக் கேள்வியே எப்போது முளைத்தது என்று பார்க்கவேண்டும்.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு பொறுப்பெடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நகரத்துக்கு இவ்வளவு, கிராமத்துக்கு இவ்வளவு என்று திறைசேரி பங்கு போட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே பை. காலி வீதியிலும் கண்டி வீதியிலும் வந்த வருமானம், நட்டத்தில் ஓடிய கிராமத்து பஸ்ஸையும் தாங்கியது. சபைக்குள் ஆயிரம் ஓட்டை இருந்தது, மறைக்கவில்லை. தேவைக்கு மேல் ஆட்கள், தேவைக்குக் குறைவாக உதிரிப்பாகம், அமைச்சரின் துண்டோடு வந்து சேர்ந்தவர்கள் என்று எல்லாம் இருந்தது. ஆனாலும் பை ஒன்றாக இருந்தது.

1979இல் தனியாருக்கு மறுபடியும் கதவு திறந்தார்கள். அவர்கள் எந்த வழிக்கு வருவார்கள்? ஆள் நிற்கிற வழிக்குத்தான். அதில் குற்றமில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் வருமானமான வழியின் காசு பையை விட்டுப் போய்விட்டது, நட்டமான வழி மட்டும் பையிலேயே தங்கிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக உடைத்தபோது இன்னும் மோசம். கொழும்பைச் சுற்றியுள்ள டிப்போ எப்படியோ மூச்சு விட்டது, ஊர்ப்புற டிப்போ டயர் வாங்கவே திணறியது. 1997இல் அவற்றைச் சேர்த்துப் பிராந்தியக் கம்பனிகளாக்கினார்கள். கடைசியில் 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் திரும்பவும் ஒரே சபை வந்தது. பை திரும்பி வந்தது, அதற்குள் இருந்த லாபம் வரவில்லை.

இப்போது அரசின் காசு எந்தெந்த வாய்க்காலால் போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நட்டமான வழியில் ஓடுவதற்கு இ.போ.ச.வுக்கு ஒரு தொகை. பாடசாலை சீசன் டிக்கெட்டில் பிள்ளை கட்டாத பங்குக்கு ஒரு தொகை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஊடாகக் கிராமத்துக்குக் கெமி செரிய, பாடசாலைக்குச் சிசு செரிய, இரவுக்கு நிசி செரிய. புது பஸ் வாங்க அவ்வப்போது ஏதாவது. இவற்றுக்கெல்லாம் மேலே ரயில்வே நட்டம். நகரம், கிராமம் என்று பெயர் எழுதிய பெட்டி எதுவும் கிடையாது. ஆகவே கொழும்புக்கு எவ்வளவு போகிறது என்று யாராவது ஒரே இலக்கத்தில் சொன்னால், எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

பெர்மிட்காரன்

'பையை விட்டுப் போன காசு' என்று எங்களைத்தான் சொல்கிறீர்கள் ஐயா, விளங்குகிறது.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பஸ். கட்டணத்தை நான் தீர்மானிப்பதில்லை, அரசு தீர்மானிக்கிறது. லீசிங் கம்பனி, டயர்க்காரன், பற்றரிக்காரன் எவனும் அரசு விலைக்குத் தருவதில்லை. 2022இல் டீசல் வரிசையில் நாங்கள் கிடந்தபோது எந்தத் திறைசேரி வந்தது? சீசன் ஏற்பதில்லை என்று பிள்ளைகள் முன்னால் எங்களை வில்லனாக்குகிறார்கள். பிள்ளை கட்டாத பங்கை இ.போ.ச.வுக்குக் கொடுக்கிற மாதிரி எங்களுக்கும் கொடுங்கள், நாளைக்கே ஏற்றுகிறோம். சிசு செரியவில் தனியார் பஸ்ஸும் ஓடுகிறதுதானே? மானியம் மாதம் தவறாமல் கைக்கு வருமென்றால் காட்டுக்குள்ளும் ஓட ஆள் இருக்கிறது.

வன்னிக்காரி

இங்கே எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போவது நல்லூர்த் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோதான் என்று நினைக்கிறேன். நான் கொழும்பில் வேலை செய்கிறேன், வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. மாதத்துக்கு ஒருமுறையாவது போய் வருவேன்.

கொழும்பிலிருந்து மாங்குளம் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. 87ஆம் இலக்கத்தில் இரவு முழுக்க பஸ் ஓடுகிறது. ஏசி வேண்டுமா, சாய்கிற சீற் வேண்டுமா, காசைக் கொடுத்தால் எல்லாம் உண்டு. ரயிலும் இருக்கிறது. அரசு காசு போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பாதையில் பஸ் ஓடும். சிக்கல் ஏ9 வீதியில் இறங்கிய பிறகுதான். விடியப்புறம் மூன்று மணிக்கு இறக்கிவிட்டால், உள்ளே போகிற முதல் பஸ் வரும்வரை தேத்தண்ணீர்க் கடை வாசலில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக ஒரு சிநேகிதனாவது இருப்பான்.

என் அம்மாவுக்குக் கிளினிக் முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில். காலையில் போகிற பஸ் இருக்கிறது. நம்பர் எடுத்து, காத்திருந்து, மருந்து வாங்கி வெளியே வர மதியம் தாண்டிவிடும். திரும்புகிற பஸ் பாடசாலை விடுகிற நேரத்தைப் பார்த்துப் போட்டது, அதை விட்டால் அடுத்தது பொழுதுபடும்போது. அதுவும் வந்தால்தான். வராத நாளில் ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு மருந்துக்கு வெளியில் கொடுக்கிற காசை விடக் கூட. 'ஊருக்கு பஸ் விட்டால் ஏற ஆளில்லை' என்று கணக்குக் காட்டுவார்கள். வருமோ வராதோ என்று தெரியாத பஸ்ஸை நம்பி யார் நிற்பது? எல்லாரும் எப்படியோ மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்கள். வாங்க முடியாத கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான் மிச்சம்.

முன்பு எங்கள் ஊரில் இரவு தங்குகிற பஸ் ஒன்று இருந்தது. கடைசி ட்ரிப்பில் வந்து கோயிலடியில் நிற்கும், காலை முதல் ட்ரிப் அங்கிருந்தே கிளம்பும். அதை நிறுத்தியதோடு ஊரே ஒரு மணித்தியாலம் பிந்திப்போயிற்று.

சாலைக்காரன்

தங்கிச்சி சொன்ன அந்தத் தங்கல் பஸ்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அரசின் காசு எங்கே சிக்குகிறது என்பது அதில்தான் தெரியும்.

கிராமத்துக்கு ஆக மலிவான சேவை தங்கல் பஸ்தான். இரவில் வெறும் பஸ்ஸாக டிப்போவுக்குத் திரும்ப வேண்டியதில்லை, காலையில் வெறும் பஸ்ஸாகப் போக வேண்டியதில்லை. அந்த இரண்டு ஓட்டத்தின் டீசல் மிச்சம். ஆனால் சாரதியும் நடத்துநரும் எங்கே படுப்பது? அந்தக் காலத்தில் பின் சீற்றில் படுத்தார்கள், யாராவது ஒரு வீட்டில் சோறு கொடுத்தார்கள், கிணற்றடியில் குளித்தார்கள். இப்போது அப்படிப் போகச் சொன்னால் எவனும் போகமாட்டான், போகவும் தேவையில்லை. ஒரு அறை, ஒரு மலசலகூடம், ஒரு தண்ணீர்க் குழாய், பாதுகாப்பாக பஸ் நிறுத்த ஒரு வளவு. இவ்வளவும் இருந்தால் தங்கல் பஸ் கேட்டு டிப்போவோடு பேசலாம். இவை கட்ட வேண்டியது பிரதேச சபை மாதிரி ஒரு இடம். பஸ் ஓட வேண்டியது மத்திய அரசின் சபை. இரண்டு கதிரைக்கும் நடுவே கோப்பு விழுந்துவிடும்.

2023 ஜனவரியில் இந்தியக் கடனுதவியில் வந்த பஸ்களைக் கிராமப்புறச் சேவைக்கென்று கையளித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் புது பஸ் வந்தால் நாடா வெட்டலாம், மலசலகூடத்துக்கு யார் நாடா வெட்ட வருவார்?

லயத்துப்பிள்ளை

நான் ஹட்டன் பக்கம், இப்போது கிருலப்பனையில் அறை எடுத்து இருக்கிறேன். நகரம் கிராமம் என்று இரண்டாகப் பேசுகிறீர்கள். எங்களை எதில் சேர்ப்பீர்கள்?

தோட்டத்துக்குள்ளே போகும் பாதை பெரும்பாலும் தோட்டக் கம்பனியின் பொறுப்பில் இருப்பது. மாகாணத்தின் பாதையும் இல்லை, பிரதேச சபையின் பாதையும் இல்லை. கம்பனிக்குக் கொழுந்து லொறி ஏறினால் போதும். பஸ் ஏறுகிற அளவுக்கு அதைப் போட யாருக்கும் கடமை கிடையாது. ஆக அரசு நாளைக்கே பஸ் தந்தாலும் அது மெயின் ரோட்டுச் சந்தியில்தான் நிற்கும். அங்கிருந்து மேல் டிவிஷன் வரைக்கும் மழையில் நடை. அவசரமென்றால் ஓட்டோ, அவன் கேட்பதுதான் விலை, குண்டும் குழியும் பார்த்து அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

கோட்டாபய காலத்தில் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதி என்று அறிவித்தார்கள். கார்பெட் போட்ட இடத்திலாவது பஸ் வந்ததா என்று யாராவது பார்த்தார்களா? வீதிக்குப் போகிற காசையும் பஸ்ஸுக்குப் போகிற காசையும் வேறு வேறு அமைச்சில் வைத்து வேறு வேறாகப் பேசும்வரை இந்தப் பங்குக் கதையே அரைகுறை.

எண்சாத்திரி

லயத்துப்பிள்ளை கேட்ட கேள்வியில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. குடிசன மதிப்பீட்டில் நாட்டை இரண்டாக இல்லை, நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 2012 கணக்கின்படி நகரம் 18.2 சதவீதம், கிராமம் 77.4, தோட்டம் 4.4.

நகரம் இவ்வளவு குறைவா என்று தோன்றும். காரணம் இதுதான்: மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே நகரம். பிரதேச சபை என்றால் கிராமம். ஹோமாகம பிரதேச சபை, களனி பிரதேச சபை. ஆக 138 பஸ்ஸில் மகரகமவைத் தாண்டி ஹோமாகம போகிறவர் கணக்கில் கிராமத்தான்! அரசு நாளைக்கு 'கிராமப் போக்குவரத்துக்குப் பாதிக் காசு' என்று ஆள்தொகையை வைத்துச் சூத்திரம் போட்டால், கொழும்பின் புறநகரே அதில் நல்ல துண்டை வாங்கிக்கொண்டு போகும். ஒட்டுசுட்டானுக்கு மிச்சச் சில்லறை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 50,000 பேரும் அதற்கு மேலும் உள்ள நகரப் பகுதிக்கு ஒரு நிதி, அதற்குக் குறைந்த இடங்களுக்கு வேறொரு நிதி. கிராம நிதியைப் பிரிக்கும்போது சனத்தொகையோடு நிலப்பரப்பையும் பார்க்கிறார்கள், ஏனென்றால் ஆள் குறைந்த இடத்தில்தான் பஸ் அதிக தூரம் ஓடவேண்டும். அந்தக் கோட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் நிலப்பரப்பைக் கணக்கில் எடுக்கும் யோசனை முல்லைத்தீவுக்கும் மொனராகலைக்கும் உயிர்.

இன்னொன்று. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் மாகாண அதிகாரசபையின் கையில். வாகன வருமான அனுமதிப்பத்திரக் காசும் மாகாணத்துக்கே. வாகனம் எங்கே அதிகம்? மேல் மாகாணத்தில். கொழும்பு தன் வாகனக் காசில் தன் இரவு பஸ்ஸுக்கு வழி பார்க்கலாம், வடக்கோ ஊவாவோ அப்படிச் செய்ய முடியாது. மத்தியின் காசு எங்கே போகவேண்டும் என்பதற்கு இதுவே பாதி விடை.

மட்டக்குளியான்

சூத்திரம் எல்லாம் சரி தம்பி. கொழும்புக்கு வந்த இலகு ரயிலை இழுத்து மூடியதும் இந்தச் சூத்திரத்தாலா? மாலபேயிலிருந்து கோட்டைக்கு வந்திருக்க வேண்டியது. 2020 செப்டெம்பரில் நிறுத்தினார்கள். அன்றைக்கும் 'செலவு அதிகம்' என்றுதான் சொன்னார்கள்.

வன்னிக்காரி

பதினாறு கிலோமீற்றர்கூட இல்லாத ஒரு பாதைக்கு 150 கோடி டொலர் அளவில் மதிப்பிட்டார்கள். அந்தக் காசுக்கு நாடு முழுக்க எத்தனை ஊர் பஸ் ஓடியிருக்கும் என்று நான் கேட்கலாமா அண்ணா?

எண்சாத்திரி

கேட்கலாம் அக்கா, ஆனால் கணக்கு அப்படி வராது. அது ஜப்பான் அந்தத் திட்டத்துக்கென்றே தர வந்த கடன். வட்டி 0.1 சதவீதம், 40 வருடத் தவணை. திட்டத்தை நிறுத்தியதும் அந்தக் காசு கிராமத்து பஸ்ஸாக மாறி வரவில்லை, வராமலே போனது. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், தினசரி ஓட்டத்துக்கு எவரும் கடன் தரமாட்டார்கள். கொழும்புக்குக் கட்டுமானமாக வருவதும் ஊருக்கு மாதாந்த மானியமாகப் போவதும் வேறு வேறு பணம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதுதான் அரசியல்வாதி விரும்புகிற சண்டை.

ஆனால் அப்படி ஒரு கடன் வந்தால் அதைத் திருப்பிக் கட்டுவது முழு நாடும்தான், அதையும் சொல்லிவிடவேண்டும்.

ராகமைப் பயணி

ரயில்வே நட்டம் என்று சாலைக்கார ஐயா ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அதைத்தான் நான் எடுக்க நினைத்தேன். காலையில் ராகமையிலும் பாணந்துறையிலும் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு கோட்டைக்கு வருகிற கூட்டம் முழுக்க ரயில் சீசனில் வருகிறது. அதே தூரத்துக்கு பஸ் கட்டணத்தைப் பார்த்தால் சீசன் சும்மா கிடைப்பது போலத்தான். ஆக 'கொழும்பு தன் கட்டணத்தில் தானே ஓடுகிறது, ஊர்தான் மானியத்தில் ஓடுகிறது' என்ற வெள்ளவத்தை அண்ணரின் கதை முழுதாகச் சரியில்லை. கொழும்பின் மானியம் தண்டவாளத்தில் வருகிறது, அதனால் கண்ணில் படுவதில்லை.

நான் அதை வெட்டச் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் நாளைக்கு ரயிலை விட்டு வீதிக்கு வந்தால் கண்டி வீதி அப்படியே நின்றுவிடும். கணக்கில் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிண்ணியா நானா

பஸ், ரயில் என்றே பேசுகிறீர்கள். தண்ணீரைத் தாண்ட வேண்டிய ஊருக்கு எந்தப் பெட்டியில் காசு?

2021 நவம்பரில் எங்கள் குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். பாலம் கட்டுகிறோம் என்று பாதையை மூடினார்கள், மாற்று வழியாக ஒரு மிதவை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதில் மூழ்கி மவுத்தானார்கள். கட்டுமானத்துக்குக் காசு ஒதுக்கினவர்களுக்கு, அது கட்டி முடிகிற வரைக்கும் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்பது செலவாகவே தெரியவில்லை. நெடுந்தீவுச் சனத்தைக் கேளுங்கள், குறிகட்டுவானிலிருந்து போகிற படகுதான் அவர்களுக்கு பஸ். காற்று எழும்பினால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியும் இல்லை.

கொழும்பில் பஸ் பிந்தினால் வேலைக்குப் பிந்துவீர்கள். அதோடு இதை ஒரே தராசில் வைக்கவேண்டாம் என்று தாழ்மையாகச் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்

இதற்குப் பிறகு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்த மாவட்டத்துச் சனம் சோம்பேறி என்பது இந்த இழையின் விடயம் இல்லை.

வெள்ளவத்தைவாசி

ராகமைப் பயணியின் ரயில் கணக்கு என் கட்சியைக் கொஞ்சம் ஆட்டத்தான் செய்கிறது. ஆனாலும் விடமாட்டேன். நானா சொன்னதும் தங்கிச்சி சொன்னதும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன: ஆளுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன், எந்த ஊருக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தரை வேண்டும். பாடசாலைக்கு நேரத்துக்குப் போய் வர ஒன்று. கிளினிக்குக்கும் சந்தைக்கும் காலையில் போய் மதியம் திரும்ப ஒன்று. பொழுதுபட்ட பிறகு ஊருக்குள் வருகிற கடைசி பஸ் ஒன்று. படகுத் துறை என்றால் படகு. இவ்வளவுக்கும் என்ன செலவு என்று முதலில் கணக்குப் போட்டு அதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குக் கொழும்பும் கண்டியும் அடிபடட்டும். மட்டக்குளியானின் விடியற்காலை பஸ்ஸையும் அந்தத் தரைக்குள்ளேயே சேர்க்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஓட்டோவுக்குக் கூலியைக் கொடுக்கிற நாட்டாமியும் பஸ் இல்லாத ஊரில்தான் இருக்கிறார்.

காசு எங்கே என்றால், சாலைக்கார ஐயாவின் பையைத் திரும்பத் தைக்கலாம். நல்ல வருமானமான வழிக்குப் புது பெர்மிட் கேள்விப்பத்திரம் போடும்போது, அதோடு ஒரு கிராம வழியையும் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டையும் ஓடுகிறவருக்குத்தான் பெர்மிட். முடியாதென்றால் பெர்மிட் விலையில் ஒரு பங்கு கிராம நிதிக்கு.

பெர்மிட்காரன்

சேர்த்துக் கட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் மூன்று மாதம் இரண்டிலும் ஓடுவான். அப்புறம் கிராம பஸ் 'பழுது'. மழைக்காலம் முழுக்கப் பழுது. நல்ல வழியில் ஓடுகிறது மட்டும் பழுதாகாது. யார் போய்ப் பார்ப்பது? நிதிக்குப் பங்கு என்றால் கேளுங்கள், கொடுப்போம், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்றால். ஏற்கனவே பெர்மிட் வெளியில் கைமாறுகிற விலை எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், அதில் அரசுக்கு எதுவும் போவதில்லை.

சாலைக்காரன்

பெர்மிட்காரர் சொல்வது சரி. இ.போ.ச.விலும் அதே நோய் உண்டு. காலையில் பத்து பஸ் ஓடவேண்டிய டிப்போவில் எட்டுத்தான் கிளம்பும் நிலை என்றால் எந்த இரண்டு நிற்கும்? வருமானம் குறைந்த இரண்டும்தான். டிப்போ முகாமையாளரை அன்றைய வருமானத்தை வைத்து எடைபோட்டால் அவர் வேறென்ன செய்வார்? ஆகவே மானியத்தை வருட முடிவில் மொத்தமாகக் கொடுக்காமல், ஓடிய ட்ரிப்புக்குக் கொடுக்கவேண்டும். ஓடாத ட்ரிப்புக்கு வெட்டவேண்டும். பஸ்ஸில் ஜிபிஎஸ் பூட்டினால் ஓடியதா இல்லையா என்று தெரிந்துவிடும். நேரக் கணிப்பாளரின் கொப்பியை மட்டும் நம்பினால் எல்லா பஸ்ஸும் எல்லா நாளும் ஓடியிருக்கும்.

2025 ஓகஸ்டில் இணைந்த நேர அட்டவணைக்கு எதிராக இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நினைவிருக்கும். எங்கள் ஆட்களின் பயம் என்னவென்றால், அட்டவணை ஒன்றானால் நல்ல நேரமெல்லாம் தனியாருக்குப் போய், வெறும் நேரம் தங்களுக்கு மிஞ்சும் என்பது. வெறும் நேரத்து ட்ரிப்புக்கு உரிய காசு வரும் என்று எழுத்தில் இருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். வெள்ளவத்தைத் தம்பி கொழும்புக்குச் சட்டம் போதும் என்றார். அந்தச் சட்டத்தை ஓட்டவும் கொஞ்சம் காசு வேண்டும்.

வன்னிக்காரி

ஐயா, பெரிய திட்டமெல்லாம் வரும்போது வரட்டும். எங்கள் ஊருக்கு மதியம் திரும்புகிற ஒரு பஸ் வேண்டும் என்றால் யாரிடம் எழுத வேண்டும்? நாங்கள் எழுதிய கடிதம் ஒவ்வொரு மேசையாகச் சுற்றிக் கடைசியில் 'எமக்குரியதல்ல' என்று திரும்பி வந்தது.

சாலைக்காரன்

தனிக் கடிதம் அப்படித்தான் சுற்றும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் போடுங்கள், அங்கே டிப்போ, மாகாண அதிகாரசபை, பிரதேச சபை எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட முடியும். கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்தி, எத்தனை மணிக்கு, கிளினிக் எந்தெந்தக் கிழமை, அந்த நாளில் எத்தனை பேர், பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர், பஸ் திரும்ப இடம் எங்கே என்று எழுதுங்கள். பாடசாலை அதிபரிடமும் ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு கடிதம் இணையுங்கள். கெமி செரியவுக்குக் கேட்பதென்றால் ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி. தங்கல் பஸ்ஸும் கேட்கப் போகிறீர்கள் என்றால் அறைக்கும் மலசலகூடத்துக்கும் இடம் காட்டிவிட்டுக் கேளுங்கள், கோயில் சபையிடம் பேசிப் பாருங்கள்.

மட்டக்குளியான்

ஐயா, பேலியகொடைக்கு விடியற்காலை பஸ் கேட்பதற்கும் இதே வழியா?

சாலைக்காரன்

அது மாகாணத்துக்குள் ஓடுகிற வழி. மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதி, நிசி செரியவின் கீழ் கேட்பதாக ஆணைக்குழுவுக்கும் பிரதி போடுங்கள். சந்தையில் வேலை செய்கிறவர்களின் கையெழுத்தோடு, எத்தனை மணிக்கு எத்தனை பேர் எந்த ஹோல்ட்டில் நிற்பார்கள் என்று இணையுங்கள். வெள்ளவத்தைத் தம்பி நன்றாக எழுதுகிறார், அவரிடமே வரைவைக் கேளுங்கள்.

வெள்ளவத்தைவாசி

எழுதித் தருகிறேன். ஹோல்ட் பெயர்களையும் நேரத்தையும் அனுப்புங்கள்.